சாமிக்குக் கிட்டப் பறந்தவர்கள்

வானம் பெரியது என்று சொல்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. வானம் பெரியதுதான், யார் இல்லை என்றது? ஆனால் மனிதர் போய் நிற்க ஆசைப்படும் இடம் சின்னது. கோவிலுக்கு மேலே, சொந்த வீட்டுக் கூரைக்கு மேலே, ஓடுபாதையின் வாசலிலே. குடாநாடு முழுவதும் வெறும் வானம் சும்மா கிடக்க, எல்லோரும் அந்த ஒரு முழத்துக்குள் வந்து நெருக்குப்படுவார்கள். கொடிகாமம் சந்தையடியில் பஸ் நிற்கும்போது ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் வாசலில் கட்டிப்பிடித்து நிற்பார்களே, அந்தச் சனம்தான் மேலேயும் பறக்கிறது.

நான் கனகாலம் இங்கிலாந்தில் இருந்தவள். எங்கள் ஊரில் முழு இங்கிலாந்துக்கும் லண்டன் என்றுதான் பெயர், ஆகவே லண்டனில் இருந்தவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிழமை நாட்களில் மருந்துக்கடையில் நின்றேன். சனி ஞாயிறுகளில் கிளைடர் ஓட்டினேன், பிறகு ஓட்டப் பழக்கினேன். கிளைடருக்கு இயந்திரம் இல்லை. வெயிலில் சூடேறி மேலே எழும்பும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டமிட்டு உயரம் எடுக்கவேண்டும். நல்ல காற்று ஒன்று எழும்பினால் எல்லாக் கிளைடரும் அங்கேதான் வரும். அதனால் அங்கே ஒரு விதி உண்டு: முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருகிறவரும் அந்தப் பக்கமே சுற்றவேண்டும். குழந்தைக்கும் விளங்கும் விதி. அதை மதிக்காத ஒரு பெரிய மனிதர் எதிர்ப்பக்கமாக நுழைந்ததில் என் சிநேகிதி செத்தாள். நான் அன்று தரையில் நின்றேன். இரண்டு கிளைடரும் மேலே ஒன்றாகத் தெரிந்தன, பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தன. அந்த மனிதருக்கும் அன்று நல்ல பெயர்தான் இருந்தது, அனுபவசாலி என்று.

மோத வருகிற விமானம் ஓடி வருகிறமாதிரித் தெரியாது. அதுதான் அதிலுள்ள விஷம். உங்கள் முன்கண்ணாடியில் நகர்கிற விமானம் உங்களோடு மோதாது, அது எங்கேயோ போகிறது. நகராமல் ஒரே இடத்தில் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் உங்களுக்கென்று வருவது. கண்ணாடியில் பட்ட பூச்சி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், திடீரென்று அது பெரிதாகும். அதனால் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். திரும்புவதற்கு முன் பார்க்கவேண்டும், இறங்குவதற்கு முன் பார்க்கவேண்டும், பார்த்த இடத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதைச் செய்ய மூளை தேவையில்லை, கழுத்து இருந்தால் போதும்.

அந்தக் கழுத்து எங்கள் கப்டனிடம் இல்லை. ஊருக்குத் திரும்பி வட்டுக்கோட்டையில் அப்பாவின் வீட்டைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த வேலை வந்தது. பலாலியிலிருந்து சிறு விமானத்தில் ஆட்களை ஏற்றிக் குடாநாட்டைச் சுற்றிக் காட்டும் ஒரு சின்ன நிறுவனம். இரண்டு விமானம், இரண்டு ஓட்டிகள். ஒருவர் கப்டன், மற்றது நான். கப்டன் என்பது பதவி அல்ல, அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர், வீட்டிலும் மனைவி அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். இருக்கைக்கு முன்னால் ஒரு டாப்லெட் திரையை ஒட்டி வைத்திருந்தார். பக்கத்தில் வேறு விமானம் வந்தால் அதில் ஒரு பொட்டாகக் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு பறந்தாரே ஒழிய வெளியே பார்த்ததை நான் காணவில்லை.

ஒருமுறை கேட்டேன். "தங்கச்சி, கண்ணாலை பாத்துப் பறக்கிறதெல்லாம் உங்கடை கிளைடர் காலத்துக் கதை. இப்ப இது சொல்லும்," என்று திரையைத் தட்டிக் காட்டினார். நான் அவருக்குத் தங்கச்சி இல்லை. வயதும் அவரைவிட எனக்கு ஒன்றோ இரண்டோ கூட.

ஏற வருகிற சனத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடலும் தீவுகளும் ஏரியும் பளபளவென்று விரிந்து கிடக்கும், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். "எங்கடை வீட்டுக்கு மேலை ஒருக்கா சுத்துங்கோ" என்பார்கள். சுற்றினால், பக்கத்து வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டியிருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பார்கள். கனடாவிலிருந்து வந்த ஒருவர் தன் காணியின் வேலியை மேலேயிருந்து படம் எடுத்து வழக்குக்குக் கொடுத்தார். இதற்குத்தான் மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டானாக்கும்.

கோவில் சுற்றுவது அதற்குப் பிறகு வந்த பைத்தியம். விமானத்தில் ஏறிக் கோவிலை வலம் வருகிறேன் என்று யாரோ ஒருவர் நேர்த்தி வைத்து, அது நிறைவேறி, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் மிஷன் பள்ளிக்கூடத்து வேதக்காரக் குடும்பம், எனக்கு அதில் பகையும் இல்லை பக்தியும் இல்லை. என் பிரச்சினை வேறு. வலம் என்றால் வலப்பக்கமாகச் சுற்றவேண்டும். எங்கள் விமானங்களில் ஓட்டி இருப்பது இடப்பக்கம், இறக்கை இருப்பது தலைக்கு மேலே. வலப்பக்கம் சரித்துத் திருப்பினால் அந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து வந்து, போகப்போகும் திசையை மறைத்துவிடும். மிச்சத்தைப் பக்கத்திலிருப்பவரின் தலை மறைக்கும். இடப்பக்கம் சுற்றினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

நிறுவனத்தின் முகாமையாளரிடம் சொன்னேன். பெடியன் மாதிரி முகம், வியாபாரி மாதிரி வாய். "அக்கா, இடப்பக்கம் சுத்துறது சுடலையிலை. உப்பிடிச் சொன்னால் ஒருதரும் ஏறமாட்டினம்," என்றான். அதுவும் சரிதான். அப்படியானால் ஒரு கோவிலுக்கு ஒரு நேரத்தில் ஒரு விமானம் மட்டும் என்றேன். அதற்கு ஓம் என்றான். இந்த ஊரில் ஓம் என்ற சொல்லுக்கு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது.

போன வருடம் தேர்த் திருவிழா ஒன்று வந்தது. கோவில் கொடிகாமத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையோரம். அந்தத் தேர் உபயம் ஒரு குடும்பத்தின் உரிமை. தகப்பன் இருக்கும்வரை அவர் செய்தார். அவர் போனபின் மகளும் மகனும் அதற்காகக் கதை பேச்சில்லாமல் போனார்கள். மகள் கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற அம்மா, அறுபது வயது இருக்கும், லொறிக்காரரை அதட்டி அதட்டியே குரல் தடித்தவள். தம்பி ரொரன்ரோவில். உபயத்துக்கு உரியவர் யார் என்று கோவில் சபை தலையைச் சொறிய, இரண்டு பேரும் ஒரே யோசனையோடு ஆளுக்கொரு பக்கத்தால் எங்களிடம் வந்தார்கள். தேர் இருப்பைவிட்டு வெளிக்கிடும் அந்த நேரத்தில் மேலேயிருந்து பூச் சொரிந்து வலம் வரவேண்டும். முதல் நான் என்று அக்கா. முதல் நான் என்று தம்பி.

ஒருவரை அனுப்பிப் பிறகு மற்றவரை அனுப்புவது என்பது மூளையுள்ள எவனுக்கும் தோன்றும். ஆனால் இரண்டாவதாகப் போக ஒருவரும் இல்லை. முகாமையாளர் இரண்டு பேரிடமும் ஓம் என்றுவிட்டு வந்து, இரண்டு விமானமும் ஒன்றாகப் போகட்டும் என்றான். நான் மாட்டேன் என்றேன். அப்போதுதான் அவன் அந்தப் பிள்ளையைக் காட்டினான். அக்காக்காரியின் மகள், ஆறு மாத வயிற்றோடு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து தங்கிய கரு. தாய் வைத்த நேர்த்தியே அந்தக் குழந்தை சுகமாகப் பிறக்கவேண்டும் என்றுதான், தம்பியோடு உள்ள போட்டி அதற்குமேல் பூசிய மெழுகு. "நீங்கள் மாட்டன் எண்டால் மற்ற விமானத்துக்கு வேறை ஆள் பிடிப்பன், இந்தப் பிள்ளையைக் கப்டன்தான் கொண்டுபோவார்," என்றான் முகாமையாளர். வயிற்றில் பிள்ளையோடு அவளை அந்தக் கழுத்தில்லாத மனுசனிடம் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உயரத்தைப் பிரித்தேன். ஒருவர் ஆயிரத்தைந்நூறு அடி, மற்றவர் ஆயிரம் அடி, இருவரும் வலப்பக்கமே, றேடியோவில் சொல்லாமல் ஒருவரும் உயரம் மாறக்கூடாது. இறக்கை மேலே உள்ள விமானத்தில் தலைக்கு நேரே மேலே இருப்பது தெரியாது. மேலே நிற்பவருக்குத் தன் வயிற்றுக்கு நேரே கீழே இருப்பது தெரியாது. இரண்டு குருடும் ஒன்றையொன்று நம்பித்தான் அப்படிப் பறக்கமுடியும். கப்டன் உடனே மேல் உயரத்தை எடுத்துக்கொண்டார். மேலே என்றால் பெரிய ஆள் என்று அவருக்கு நினைப்பு. கட்டுப்பாட்டு அறையில், அந்தப் பக்கத்தில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பறந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

தேர் அன்று காலை வானம் கழுவிவிட்டமாதிரி இருந்தது. பக்கத்து இருக்கையில் தாய், மடியில் ஓலைக் கடகம் நிறையச் செவ்வந்தி இதழ். பின்னால் மகள், தனியே. கீழே வெள்ளை மணலில் சனம் வடத்தைப் பிடித்து நின்றது. நான் சுற்றத் தொடங்கினேன். ஒவ்வொரு கால் வட்டத்துக்கும் ஒருமுறை இறக்கையை நிமிர்த்தி, போகும் திசையை எட்டிப் பார்த்து, பிறகு சரித்தேன். கப்டன் எனக்கு எதிர்ப்பக்கத்தில், நல்ல உயரத்தில் இருந்தார்.

"ஏன் பிள்ளை உப்பிடி ஆட்டுறீர்?" என்றாள் தாய்.

"மற்றப் பிளேனைப் பாக்கிறன் அம்மா."

"அவனை ஏன் பாக்கிறீர்? சாமியைப் பாரும்."

தேர் அசைந்தது. அவள் யன்னலைத் திறந்து பூவைச் சொரிந்தாள், அழுதாள், தகப்பனைக் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவளை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லவேண்டும். அடுத்த முறை நிமிர்த்திப் பார்த்தபோது கப்டன் அங்கே இல்லை. றேடியோவில் கேட்டேன், "எங்கை நிக்கிறியள்?" பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். பதில் இல்லை.

அப்போது என் முன்கண்ணாடியில் பூ விழுந்தது. செவ்வந்தி அல்ல, சிவப்பு ரோசா. ஒன்று இரண்டு அல்ல, ஒரு கை அள்ளி எறிந்தது அப்படியே கட்டியாக வந்து அடித்துச் சிதறியது.

பூ இதழ் மெதுவாக விழுவது. ஐந்நூறு அடி மேலிருந்து எறிந்தால் அது காற்றில் பிரிந்து அலைந்து வந்து சேர்வதற்குள் நான் ஒரு வட்டம் சுற்றி முடித்திருப்பேன். பிரியாமல் கட்டியாக வந்தது என்றால் எறிந்த கை எனக்கு மேலே, சற்று முன்னால், ஒரு வீட்டு உயரத்தில் இருக்கிறது. இதை நான் யோசிக்கவில்லை, யோசித்தது பிறகு. கை தானாக இடப்பக்கம் சரித்து மூக்கைக் கீழே தள்ளியது. சரிந்தபோது கண்ணாடியின் வல மூலையில் கப்டனின் விமானத்தைக் கண்டேன். வயிற்றில் ஒழுகிய எண்ணெய்க் கோடும் முன்சில்லில் காய்ந்திருந்த மண்ணும் தெரிந்தன. அது இறங்கி வந்துகொண்டே இருந்தது, நாங்கள் இருந்த இடத்துக்கூடாக. கடகம் கவிழ்ந்து உள்ளே எல்லாம் செவ்வந்தி. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி இருந்தாள்.

விமானத்தை நிமிர்த்திப் பலாலியை நோக்கித் திருப்பினேன்.

தரையிறங்கியதும் கதை வெளியே வந்தது. யாரும் விசாரிக்கத் தேவைப்படவில்லை, தம்பியாரே பெருமையாகச் சொன்னார். மேலே நின்று பார்த்தாராம். கீழே அக்கா விமானம். "அவள் சாமிக்குக் கிட்ட நிக்கிறாள், நான் கொக்கு மாதிரி மேலை நிக்கிறன். காசு குடுத்து வந்து நான் ஏன் எட்ட நிக்க? இறக்கச் சொன்னன்." கப்டனும் இறக்கினார். மற்ற விமானத்தைக் காட்டும் அவருடைய திரை? ரொரன்ரோவில் மனைவி பார்க்கவேண்டும் என்று தம்பியார் பிடித்திருந்த கைபேசி வெயிலில் சூடாகி நின்றுவிட, அவர் கேட்டார், கப்டன் தன் திரையைக் கழற்றிப் படம் பிடிக்கக் கொடுத்துவிட்டார். மனைவி தேரை நன்றாகப் பார்த்தாளாம். அதற்குமேல் அந்த மனிதர் போட்ட சத்தத்தில் றேடியோவும் கேட்கவில்லை.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே தங்கச்சி," என்றார் கப்டன்.

இந்தச் சொல்லைத்தான் நான் உலகத்திலேயே அதிகம் வெறுக்கிறேன். மோதினால் உடைந்த துண்டையாவது எடுத்துக் காட்டலாம். மோதாததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? தப்பிய ஒவ்வொரு முறையும் மடையனுக்கு ஒரு சான்றிதழ். அதைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவன் அனுபவசாலி ஆகிறான். நான் அவருக்கு மரியாதையில்லாமல் ஏசினேன். முகாமையாளர் குறுக்கே வந்து, ஆட்கள் பார்க்கினம் அக்கா என்றான்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முதலாவது ஆள் அந்தத் தாய். தம்பியிடம் பாயப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் வந்தாள்.

"ஏன் பிள்ளை இடப்பக்கம் திருப்பினனீர்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விரலை நீட்டி வட்டம் போட்டுக் காட்டினாள். வலம் வந்துகொண்டிருந்த விமானத்தை இடப்பக்கம் திருப்பி, நேர்த்தியைக் கெடுத்து, குழந்தைக்கு அபசகுனம் பண்ணிவிட்டேனாம். திருப்பாவிட்டால் நேர்த்தி வைக்க ஆளே இருந்திருக்காது என்றேன். "சாமிக்கு மேலை நிக்கேக்கை சாமி எங்களைச் சாக விடுமே?" என்றாள். பக்கத்தில் நின்ற தம்பியார், பல வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்து, "அதுதானே அக்கா," என்றார். ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தவர்கள் என்னைத் திட்டுவதில் ஒன்றுசேர்ந்தார்கள். முகாமையாளருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கோவில் ஐயரைக் கேட்டார்கள். நாளைக்குத் தீர்த்தத் திருவிழா, அன்றைக்கு முறையாக ஒருதரம் வலம் வந்தால் சரிவரும் என்றார் அவர். முகாமையாளர் இலவசமாகவே கொண்டுபோகிறேன் என்றான். இடப்பக்கம் திருப்புகிற ஆள் வேண்டாம் என்று தாய் சொல்லிவிட்டதால் கப்டனே கொண்டுபோவார். தம்பியாருக்கும் இடம் உண்டு, ஒரே விமானத்தில் குடும்பமாக. நான் அன்று வேலையை விட்டேன். விட்டேன் என்பது நான் சொல்வது, நிறுத்தினோம் என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் அடுத்த நாள் காலை வீட்டில் இருக்கமுடியவில்லை. காதில் மாட்டும் என் றேடியோக் கருவியை எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பலாலிக்குப் போனேன். அந்தப் பிள்ளையைத் தடுக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை என்று தெரிந்தும் போனேன்.

கப்டன் திரையைத் திரும்ப ஒட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியார் முன் இருக்கையில் ஏற்கெனவே ஏறிவிட்டார். தாய் பட்டுச் சேலையோடு விமானத்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை அவளும் நானும் நாலு சொல் கதைத்ததில்லை.

"அன்ரி, நேற்று அந்தப் பூ எவ்வளவு கிட்டவிருந்து விழுந்தது?"

விமான நிலையக் கட்டடத்தின் ஓட்டுக் கூரையைக் காட்டினேன். அவள் நிமிர்ந்து அதன் உயரத்தை அளந்து பார்த்தாள்.

"வாவன் பிள்ளை, கெதியா," என்றாள் தாய். "நேர்த்தியைத் தீர்க்காமல் விட்டால் பிறகு குழந்தைக்கு ஏதும் ஒண்டெண்டால் ஆர் பொறுப்பு?"

மகள் குரலை உயர்த்தவில்லை. வாங்கில் போய் இருந்து, சேலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"நேர்த்தி என்ரை பிள்ளைக்குத்தானே அம்மா," என்றாள். "பிள்ளை இஞ்சை இருக்குது. நீங்கள் போய்ச் சுத்திப்போட்டு வாங்கோ."